பினாங்கில் சின்னச் சின்ன சந்தோஷங்கள்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பினாங்கு ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறேன். வீட்டிலேயே தையல் வேலை. பள்ளி விடுமுறை வந்தால் போதும், கோலாலம்பூர் தங்கை, ஈப்போ நாத்தனார், எப்போதாவது காரைக்குடி சித்தப்பா வீட்டார் என்று யாராவது பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு ஜோர்ஜ்டவுன் தெருக்களில் நடப்பது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. பல வருடமாக ஒரே மாதிரிக் கேள்விகள்தான் வருகின்றன. பதில்களை இங்கே எழுதிவிட்டேன். அடுத்து வருபவர்கள் படித்துவிட்டே வரலாம்.

எல்லாரும் கொடிமலைக்கும் (பினாங்கு மலைக்கு இங்குள்ள தமிழ்ப்பெயர்) சுவரோவியத்துக்கும் ஓடும்போது, நீங்கள் மட்டும் ஏன் கடை வாசலில் நின்று தரையைப் பாருங்கள் என்கிறீர்கள்?

மலையும் ஓவியமும் பார்க்க வேண்டியவைதான். 2012-இல் ஆர்மேனியன் தெருச் சுவரில் எர்னஸ்ட் ஸகாரெவிச் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் இரண்டு பேரையும் எனக்கு இன்னமும் பிடிக்கும். நிஜ சைக்கிளைச் சுவரோடு பதித்து, அதன்மேல் அக்காவும் தம்பியும் ஏறியிருப்பதுபோல வரைந்திருக்கிறார். ஆனால் அங்கே வரிசையில் நிற்கிறோம், ஒரு படம் எடுக்கிறோம், அடுத்தவருக்கு வழிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

ஊருக்குத் திரும்பி ஒரு மாதம் கழித்து, பினாங்கில் என்ன நினைவிருக்கிறது என்று தங்கையிடம் கேட்டேன். மார்க்கெட் தெருவில் பூக்கட்டும் அம்மா ஒருவர், கை பாட்டுக்குச் சரம் தொடுத்துக்கொண்டிருக்க, தலையை நிமிர்த்தி "பசியாறிட்டீங்களாம்மா?" என்று கேட்டதைச் சொன்னாள். காலைச் சாப்பாட்டை இங்கே பசியாறுவது என்றுதான் சொல்வோம். ஊரிலிருந்து வரும் சித்தப்பாவுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே மனம் குளிர்ந்துவிடும்.

அதனால் நான் கூட்டிப்போகும் இடங்களுக்கு ஒரே கணக்கு வைத்திருக்கிறேன். ஒரு பொருளை எப்படிச் செய்கிறார்கள் என்று நின்று பார்க்க முடியவேண்டும். வாங்கினால் அது வீட்டில் புழங்குகிற பொருளாக இருக்கவேண்டும். கண்ணாடி அலமாரிக்குள் போய் உட்காரும் பொம்மைகளை நான் வாங்கச் சொல்வதே இல்லை.

ஒரே ஒரு காலைதான் கையில் இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

காலை எட்டு மணிக்குள் குயின் தெருவுக்கு வந்துவிடுங்கள். 1833-இல் கட்டப்பட்ட மகாமாரியம்மன் கோவில் அங்கேதான். பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோவில் அதுதான். வெயில் ஏறுவதற்கு முன் கோபுரத்துப் பொம்மைகளின் வண்ணம் நன்றாகத் தெரியும்.

கோவிலைவிட்டு வெளியே வந்து பூக்கடையில் கொஞ்சம் நில்லுங்கள். மல்லிகை, சாமந்தி, ரோஜா எல்லாம் ஊரில் பார்ப்பதுதான். ஆனால் இங்கே கட்டும் பூமாலையில் ஆர்க்கிட் பூவும் வந்துவிடும், ஊதாவும் வெள்ளையுமாக. ஈரம் காயாத ஆர்க்கிட் மல்லிகையைவிட நெடுநேரம் வாடாமல் நிற்கும். இங்கே விளையும் பூவை எடுத்து நம் கட்டுமுறைக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒரு முழம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தால் அன்றைய காலைக்கே ஒரு வாசனை வந்துவிடும்.

அப்புறம் அடுத்த தெருவுக்கு வாருங்கள். முன்பு பிட் தெரு, இப்போது ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். அந்த ஒரே சாலையோரம் 1818-இல் கட்டிய செயின்ட் ஜோர்ஜ் தேவாலயம், குவான் யின் அம்மன் கோவில், நம் மாரியம்மன் கோவிலின் பின்பக்கம், கப்பித்தான் கெலிங் மசூதி எல்லாம் வரிசையாக வரும். மசூதியைத் தோற்றுவித்தவர்கள் தென்னிந்திய முஸ்லிம்கள். ஊதுபத்திப் புகை, மல்லிகை, சாம்பிராணி, தேத்தண்ணிக் கடையிலிருந்து வரும் பாலின் மணம் என்று மூக்கே வழிகாட்டும். நான் பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லி, இப்போது எங்கே நிற்கிறோம் என்று கேட்பேன். பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடுகிறார்கள்.

பத்து மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று அடிக்கும். அதற்குள் ஆர்மேனியன் தெருப்பக்கம் போய்விட்டால், கடைவீடுகளின் முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதை நிழல் கொடுக்கும். மலாயில் காக்கி லீமா என்பார்கள், அதற்கும் ஐந்தடி என்றுதான் பொருள். இந்தக் கடைவீடுகளும் தெருக்களும் சேர்ந்த பழைய பகுதியைத்தான் 2008-இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அந்த நடைபாதையில் காலடியில் இருப்பதைப் பாருங்கள். அங்கிருந்துதான் அடுத்த கேள்வி பிறக்கும்.

தரையில் இருக்கும் பூ டைல்ஸ் நம் ஆத்தங்குடிக் கல்தானே?

சித்தப்பா முதல் தடவை வந்தபோது இதைத்தான் கேட்டார். குனிந்து உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டு முகப்பு மாதிரியே இருக்கே" என்றார். ஒரே குடும்பம் என்று சொல்லலாம், ஆனால் செய்யும் முறையில் வித்தியாசம் உண்டு.

இரண்டுமே சிமெண்டுக் கல். சூளையில் சுடுவதில்லை. பினாங்கு கடைவீடுகளில் இருக்கும் பழைய தரைக்கல்லை இரும்பு அச்சுக்குள் செய்வார்கள். பூவின் இதழ், கொடி, ஓரம் என்று அறை அறையாகப் பிரித்த உலோகச் சட்டத்தை அச்சில் வைத்து, ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுவார்கள். சட்டத்தை மெல்லத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் போட்டு, இயந்திரத்தால் அழுத்தி எடுப்பார்கள். ஆத்தங்குடியில் அடியில் கண்ணாடி வைத்து, அதன்மேல் சட்டத்தை வைத்துக் கையாலேயே வண்ணத்தை ஊற்றுகிறார்கள். அந்தக் கண்ணாடிதான் கல்லுக்குப் பளபளப்பைக் கொடுக்கிறது. இரண்டு முறையிலும் வண்ணம் மேலே பூசிய பூச்சாக இல்லாமல் கல்லின் மேலடுக்கிலேயே கலந்து நிற்கிறது. அதனால் தலைமுறை தலைமுறையாக மிதித்தும் பூ அழிவதில்லை. மிதிக்க மிதிக்க மெருகு ஏறும் என்று சித்தப்பா சொல்வார். அது உண்மைதான்.

சுவரில் பதித்திருக்கும் டைல்ஸ் வேறு வகை. விரலால் தொட்டால் ரோஜாவின் இதழ் புடைத்து நிற்கும், மேலே கண்ணாடிபோல் மினுங்கும். அவை சூளையில் சுட்ட பீங்கான். இங்கிலாந்திலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும், பிறகு ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்தவை. செட்டிநாட்டு வீடுகளுக்கும் இதே நாடுகளிலிருந்து டைல்ஸ் போயிருக்கிறது. மலாயாவிலும் பர்மாவிலும் தொழில் செய்து சம்பாதித்த பணத்தில் அங்கே எழும்பிய வீடுகள் அல்லவா! ஒரே காலத்துப் பணக்கார ரசனை, ஒரே கடல்வழி. சர்ச் தெருவில் இருக்கும் பினாங்கு பெரானாக்கான் மாளிகைக்குப் போனால் இரண்டு வகையையும் ஒரே இடத்தில் பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒரு கல்லைத் தனியாகப் பார்த்தால் பாதிப் பூவும் கால்வாசிக் கொடியும்தான் இருக்கும். நான்கு கல் சேர்ந்தால்தான் முழுப் பூ வரும். கோலம் போடுகிறவர்களுக்கு இது உடனே புரிந்துவிடும்.

பழைய டைல்ஸ் ஒன்று வாங்கிக்கொண்டு போகலாமா?

எனக்கு அதில் விருப்பமில்லை. ஒரு பழைய கல் கடையில் தனியாகக் கிடக்கிறது என்றால், எங்கோ ஒரு வீட்டின் சுவரோ தரையோ மூளியாகியிருக்கிறது என்று அர்த்தம். அதே பூவோடு புதிதாகச் செய்த டைல்ஸ் நினைவுப்பொருள் கடைகளில் கிடைக்கிறது. அதில் ஒன்று வாங்கி, அடியில் நான்கு மூலையிலும் ஃபெல்ட் துணி ஒட்டி, சாப்பாட்டு மேசையில் சூடான பாத்திரம் வைக்கப் பயன்படுத்துங்கள். என் வீட்டில் ரசச் சட்டி அதன்மேல்தான் இறங்கும்.

அடுக்குமாடியில் எங்கே கோலம் போடுவது?

வாசல் என்று ஒரு கதவளவு இடம் இருக்கிறதே, அது போதும். எங்கள் தளத்தில் நடைவழி சிமெண்டுத் தரை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஏழு புள்ளிக் கோலத்துக்கு மேல் நான் போடுவதில்லை. அதற்கு மேல் போனால் பக்கத்து வீட்டுச் சைக்கிள் வர வழியிருக்காது.

ஆர்மேனியன் தெருவில் ஒரு கடை முன்னால் பார்த்த டைல்ஸை ஒரு நாள் நோட்டில் வரைந்துகொண்டு வந்தேன். நடுவில் எட்டிதழ்ப் பூ, நான்கு மூலையிலும் கால்வட்டம். வீட்டுக்கு வந்து புள்ளி வைத்துப் பார்த்தேன். முதலில் ஐந்துக்கு ஐந்து வைத்தேன், இதழ் நெருக்கியது. ஏழுக்கு ஏழு வைத்ததும் மூலைக் கால்வட்டங்கள் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டன. அரிசி மாவில் கடைசி இழையை இழுத்து முடித்துவிட்டு நிமிர்ந்தால், பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி கதவைப் பாதி திறந்தபடி நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. "இது என் அம்மா வீட்டுத் தரை" என்று மலாயில் சொன்னார். அவர் பிறந்த கடைவீட்டில் அதே பூதான் இருந்ததாம். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை காலையில் என்ன கோலம் என்று பார்க்காமல் அவர் சந்தைக்குக் கிளம்புவதில்லை. கோலத்தை மிதிக்காமல் சுவரோரமாக ஒதுங்கித்தான் போவார்.

தீபாவளிக்கு மட்டும் வண்ண அரிசி. இங்கே பேரங்காடிகளில் போடுகிற பெரிய கோலமெல்லாம் அரிசியில்தான். பச்சரிசியில் உணவு வண்ணத்தோடு ஒரு கரண்டி வினிகர் கலந்து பிசிறி, நாளிதழில் பரப்பி உலரவிட்டால் வண்ணம் கையில் ஒட்டாது. மின்விசிறிக்கு நேரே உலர்த்தாதீர்கள், அறை முழுக்கப் பறக்கும்.

சாப்பாடு? எதையெல்லாம் விடக்கூடாது?

இதைக் கேட்டால் ஆளுக்கு ஒரு பட்டியல் கொடுப்பார்கள். என் பங்குக்கு ஒன்றை மட்டும் நன்றாகச் சொல்கிறேன், மற்றதைச் சுருக்கமாக.

அந்த ஒன்று ஆப்பம். இங்கே அப்பம் என்பார்கள், முட்டை போட்டது அப்பம் தெலூர். ஒட்டுக்கடையில் ஒரு அண்ணன் வரிசையாகச் சின்னச் சின்னச் சட்டிகளை அடுப்பில் வைத்திருப்பார், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியவை. ஒன்றில் மாவு ஊற்றிச் சுழற்றி மூடிவைத்துவிட்டு அடுத்ததற்குப் போவார். கடைசிச் சட்டிக்கு வரும்போது முதல் சட்டி வெந்திருக்கும். மூடியைத் திறந்ததும் தேங்காய்ப்பாலும் புளித்த அரிசிமாவும் கலந்த ஆவி முகத்தில் அடிக்கும். ஓரம் பழுப்பேறி மொறுமொறுவென்று சுருண்டு எழும்பும், நடுவில் மஞ்சள் கருவும் மாவும் மெத்தென்று இருக்கும். கத்தி முனையால் ஓரத்தைச் சுற்றிக் கீறி, அரை நிலாவாக மடித்துக் காகிதத்தில் வைத்துக் கொடுப்பார். அதை வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது. அங்கேயே, அந்த ஓரம் தொய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். நின்று சாப்பிடுவதற்கென்றே பிறந்த பலகாரம் அது.

நாசி கண்டார் இந்த ஊர்த் தமிழ் முஸ்லிம்கள் தந்த சோறு. தோளில் காவடிபோல் கம்பு வைத்து, ஒரு பக்கம் சோற்றையும் மறுபக்கம் கறியையும் தொங்கவிட்டுக்கொண்டு தெருத் தெருவாக விற்றிருக்கிறார்கள். கண்டார் என்பது அந்தக் கம்புக்குப் பெயர். "பஞ்சிர்" என்று சொன்னால் எல்லாக் குழம்பையும் கலந்து வெள்ளமாக ஊற்றுவார்கள். கோழிக்குழம்பும் மீன்குழம்பும் ஒன்றாகச் சேர்வது நமக்கு முதலில் விநோதமாகத் தோன்றும். இரண்டாவது வாயில் பழகிவிடும். பசெம்பூர் என்பது காய்கறியும் வடையும் நறுக்கிப் போட்டு, மேலே சாறு ஊற்றித் தரும் பண்டம். வாங்கினால் அந்தச் சாறு எதனால் கெட்டியாக இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்குதான். ரொட்டி பெங்காலியைச் சூடாகத் தடிமனாக வெட்டச் சொல்லிக் குழம்பில் தோய்த்துச் சாப்பிடுங்கள். செண்டோல் என்ற தேங்காய்ப்பால் ஐஸ் பலகாரம் வெயில் உச்சியில்தான் ருசி.

சாதிக்காய்ச் சாறு என்று எழுதியிருக்கிறதே, சாதிக்காயில் ஏது சாறு?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும். நம் வீடுகளில் சாதிக்காய் என்றால் அஞ்சறைப் பெட்டியில் கிடக்கும் உலர்ந்த கொட்டை. பாட்டி கல்லில் உரைத்தெடுக்கும் மருந்து. பினாங்குக்கு வந்த பிறகுதான் அதைச் சுற்றி ஒரு முழுப் பழம் இருப்பதை நான் பார்த்தேன்.

வெளிறிய மஞ்சளாக, சின்னக் கொய்யா அளவில் இருக்கும். முற்றினால் தானே இரண்டாகப் பிளக்கும். உள்ளே கரும்பழுப்பு ஓடு, அதன்மேல் செக்கச்சிவந்த வலைபோல் சுற்றியிருப்பதுதான் சாதிப்பத்திரி. ஓட்டை உடைத்தால் நாம் வாங்கும் சாதிக்காய். மற்ற இடங்களில் பெரும்பாலும் தூக்கிப்போடும் அந்தச் சதையைத்தான் இங்கே சீவி, உப்பும் சர்க்கரையும் போட்டு ஊறவைக்கிறார்கள், சாறு எடுக்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் மொலுக்கஸ் தீவுகளிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம் இது. பாலேக் பூலாவ் பக்கம் இன்னமும் தோப்புகள் இருக்கின்றன.

ஊறவைத்த சாதிக்காய் சௌராஸ்தா சந்தையில் வகை வகையாகக் கிடைக்கும். ஈரமானது, காய்ந்தது, துருவியது என்று கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி ருசி பாருங்கள். நான் துருவியதைத் தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிறேன். மாங்காய் ஊறுகாய் தீர்ந்துபோன ஒரு நாள் வேறு வழியில்லாமல் ஆரம்பித்தது, இப்போது அதுவே வழக்கமாகிவிட்டது.

பாத்தேக் (பாடிக்) துணி கையால் செய்ததா, அச்சடித்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தையல்காரியிடம் கேட்க வேண்டிய கேள்விதான். முதலில் துணியைத் திருப்பிப் பாருங்கள். கைப்பாத்தேக்கில் மெழுகும் சாயமும் துணிக்குள் ஊறிப் போவதால் முன்பக்கமும் பின்பக்கமும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் இருக்கும். இயந்திரத்தில் அச்சடித்தால் பின்பக்கம் வெளுத்துக் கிடக்கும்.

அடுத்து, ஒரே பூ இரண்டு இடத்தில் வருகிறதா என்று தேடிப் பிடித்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாந்திங் என்று ஒரு கருவி இருக்கிறது. பிடி, நுனியில் சின்னச் செம்புக் கிண்ணம், அதில் பேனா முனைபோல் மெல்லிய குழாய். கிண்ணத்தில் உருக்கிய மெழுகை எடுத்து அந்தக் குழாய் வழியாகத் துணியில் கோடு இழுப்பார்கள். கை இழுத்த கோடு ஓரிடத்தில் தடிக்கும், ஓரிடத்தில் மெலியும். இரண்டு பூ ஒருபோதும் அச்சாக ஒன்றுபோல இருக்காது. உலோக அச்சை மெழுகில் தோய்த்துப் பதிப்பது இன்னொரு முறை. அதிலும் அச்சு சேரும் இடத்தில் மயிரிழை விலகல் தெரியும். அதுவும் கைவேலைதான், விலையும் சற்றுக் குறைவு.

தெலுக் பஹாங்கில் பாத்தேக் பட்டறையில் வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். நான் பார்த்த அன்று ஒரு பெண் செம்பருத்திக்குச் சாயம் தீட்டிக்கொண்டிருந்தார். இதழின் ஓரத்தில் அடர்சிவப்பை ஒரு தொடு தொட்டார், உடனே வெறும் தண்ணீர்த் தூரிகையால் உள்பக்கமாக இழுத்தார். சிவப்பு தானே கரைந்து இளஞ்சிவப்பாகி, மெழுகுக்கோடு வரை ஓடி, அங்கே டக்கென்று நின்றுவிட்டது. மெழுகு வரப்பு மாதிரி. சாயம் காய்ந்தபின் சோடியம் சிலிக்கேட் பூசி நிறத்தைப் பிடிக்கவைத்து, கழுவி, கொதிநீரில் போட்டு மெழுகை எடுக்கிறார்கள். மெழுகு இருந்த இடம் வெள்ளைக் கோடாக மிஞ்சும்.

நானே ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். இரவுச்சந்தை ஒன்றில் கையால் செய்தது என்று சொன்னதை நம்பி நான்கு மீட்டர் வாங்கினேன். விளக்கு மங்கல், திருப்பிப் பார்க்கவில்லை. வீட்டில் வெட்டும்போதுதான் பின்பக்கம் வெறுமையாக இருப்பது தெரிந்தது. வாடிக்கையாளர் சட்டைக்கு என்று வாங்கியது, மனம் ரொம்பக் கஷ்டப்பட்டது. அதிலிருந்து பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் துணி வாங்குகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

வாங்கிய துணியைப் பீரோவில் பூட்டாதீர்கள். தலையணை உறை தைக்கலாம். மிச்சத் துண்டை அம்மாவின் பழைய கைத்தறிச் சேலையோடு சேர்த்து ஒட்டுத்துணிப் போர்வை தைக்கலாம். தனியாக, குளிர்ந்த நீரில் கழுவி, நிழலில் உலர்த்த வேண்டும்.

பினாங்கைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஒரு வண்ணம் அடிக்கலாம் என்றால் எதைச் சொல்வீர்கள்?

நீலம். லீத் தெருவில் சியோங் ஃபாட் ஸீ மாளிகை இருக்கிறது, நீல மாளிகை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அந்த நீலம் அவுரியிலிருந்து வந்தது. சுண்ணாம்பில் அவுரி நீலத்தைக் கலந்து அடித்திருக்கிறார்கள். நம் ஊரில் வெள்ளையடிக்கும்போது வாளியில் ஒரு சிட்டிகை நீலம் கலப்பது நினைவிருக்கிறதா? அதே யோசனைதான், கை கொஞ்சம் தாராளம். சுண்ணாம்புப் பூச்சு சுவரின் ஈரத்தை வெளியே விடும், இந்த ஊர் மழைக்கு அது நல்லது.

முழுச் சுவருக்குத் துணிவு வராவிட்டால் ஒரு முக்காலிக்கு அடித்துப் பாருங்கள். என் வீட்டில் துளசித் தொட்டி நிற்கும் முக்காலி அந்த நீலத்தில்தான் இருக்கிறது.

அடுக்குச்சட்டி நல்லதாக எங்கே கிடைக்கும்?

லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தைக்குக் காலையிலேயே போங்கள். பூப்போட்ட பழைய எனாமல் அடுக்குச்சட்டிகள் கண்ணில் படும். மலாயில் மங்கோக் திங்காட் என்பார்கள், மங்கோக் என்றால் கிண்ணம். நம் பாட்டிமார் மங்குத் தட்டு என்று சொன்னதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள்.

வாங்கும்போது ஒவ்வொரு அடுக்கின் உள்பக்கத்தையும் விரலால் தடவுங்கள். எனாமல் பெயர்ந்து இரும்பு தெரிந்தால் அதில் சாப்பாடு வைக்க வேண்டாம். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கவும் வாய்ப்புண்டு. அப்படிப்பட்டதில் நான் நூல்கண்டு, பட்டன், ஊசி வைக்கிறேன். நான்கு அடுக்கும் நான்கு நிற நூலுக்கு. சாப்பாட்டுக்குப் புதிய எவர்சில்வர்தான். கடைக்கு எடுத்துக்கொண்டு போனால் பொட்டலம் கட்டாமல் அதிலேயே போட்டுத் தருவார்கள்.

முன்பு இருந்த கைவினைக்காரர்கள் இப்போது குறைந்துவிட்டார்களே, ஏன்?

பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனது ஒரு காரணம். வாடகை இன்னொரு பெரிய காரணம். போருக்கு முந்திய கட்டடங்களின் வாடகையை 1966-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று கட்டுப்படுத்தி வைத்திருந்தது. அதனால்தான் பிரம்பு பின்னுபவர், பெயர்ப்பலகை செதுக்குபவர், ஊதுபத்தி உருட்டுபவர் எல்லாராலும் நகரின் நடுவிலேயே கடை வைத்துப் பிழைக்க முடிந்தது. 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது அந்தக் கட்டுப்பாடு முற்றாக நீங்கிவிட்டது. வாடகை ஏறியது, பல குடும்பங்கள் நகருக்கு வெளியே போயின.

எஞ்சியிருப்பவர்களுக்கு நாம் செய்யக்கூடியது வேலை கொடுப்பதுதான். படம் எடுத்துவிட்டுப் போனால் அவருக்கு என்ன கிடைக்கும்? வீட்டில் பிரம்பு கிழிந்த நாற்காலி இருந்தால் தூக்கிக்கொண்டு வாருங்கள். என் அப்பாவின் நாற்காலிக்கு அப்படித்தான் புதுப் பின்னல் போட்டேன். பிரம்பை நனைத்து, ஈரத்தோடு குறுக்கும் நெடுக்கும் மூலைவாட்டிலும் கோத்து இழுத்தார்கள். காய்ந்ததும் முரசுத்தோல்போல விறைத்துக்கொண்டது. விரலால் தட்டினால் சத்தம் வரும்.

பிள்ளைகள் இருக்கிறார்கள், இவ்வளவு நடக்க மாட்டார்களே?

கொடிமலை ரயில் இருக்கிறது. 1923-இல் ஓடத் தொடங்கியது. கம்பிவடம் இழுக்க, சரிவில் நேராக மேலே ஏறும். மேலே காற்று குளுகுளுவென்று இருக்கும், முருகன் கோவிலும் உண்டு. விடுமுறை நாளில் கூட்டம் அதிகம், முதல் ரயில்களிலேயே ஏறிவிடுங்கள்.

மழை வந்துவிட்டால்?

சௌராஸ்தா சந்தையின் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. ஏறிவிடுங்கள்.

இதெல்லாம் கோலாலம்பூரிலேயே இருக்கிறதே, இதற்காகவா அவ்வளவு தூரம் வரவேண்டும்?

தங்கையின் வீட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் கேட்பது இது. இருக்கிறதுதான், மாப்பிள்ளை. பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடைகளில் காலையில் போய் நில்லுங்கள். 1873-இல் தோன்றிய மகாமாரியம்மன் கோவிலிலிருந்து பசார் சினிக்கு நடந்தே போய்விடலாம். 1888-இல் மீனும் காய்கறியும் விற்கும் சந்தையாக ஆரம்பித்த இடம், இப்போது கைவினைக் கடைகள். அங்கே உங்கள் வீட்டுப் பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை கூட்டிப்போயிருக்கிறீர்களா என்று திருப்பிக் கேட்பேன். போன தீபாவளிக்கு முன் கூட்டிப்போய், படம் அனுப்பினார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். பினாங்கில் எல்லாம் நடக்கும் தூரத்தில் நெருக்கமாக இருக்கின்றன, அது ஒரு வசதி.

யாரும் விருந்தாளி இல்லாத நாளில் நீங்கள் எங்கே போவீர்கள்?

ஃபெரியில். தீவிலிருந்து பட்டர்வொர்த்துக்குப் போய், இறங்கி, திரும்ப அதிலேயே வருவேன். அவ்வளவுதான் என் பயணம். சின்ன வயதில் அப்பாவோடு போனதெல்லாம் கார் ஏற்றும் பழைய ஃபெரியில். அப்பா கச்சாங் பூத்தே ஒரு காகிதக் கூம்பு வாங்கித் தருவார். கரை வருவதற்குள் தீரக்கூடாது என்று ஒவ்வொரு கடலையாக எண்ணிச் சாப்பிடுவேன். 2023-இலிருந்து புதிய ஃபெரிகள் ஓடுகின்றன.

இப்போது அடுக்குச்சட்டியில் ஏதாவது எடுத்துக்கொண்டு போகிறேன். போன வாரம் மேல் அடுக்கில் கடலையும், கீழே சாதிக்காய்த் துருவலோடு தயிர்ச்சோறும். சாயங்கால வெயில் சாய்ந்து தண்ணீர் செம்புத் தகடுபோல் கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய்க்காரச் சிறுமி சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேல் அடுக்கைக் கழற்றி நீட்டினேன். அவளும் ஒவ்வொரு கடலையாக எடுத்துத் தின்றாள். தீவுக்கரை வரும்போது இன்னும் மூன்று மிச்சம் இருந்தது.